பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டிகள்

பெருமதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, விழாவுக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வரலாற்றுத் துறைப் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அருட்தந்தையரே, அருட்சகோதரியரே, இந்தச் சித்திரை வெயிலிலும் வந்து குழுமியிருக்கும் பங்கு மக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். ஆயர் அவர்கள் காலையில் உறுதிபூசுதல் திருப்பலியை முடித்த கையோடு, மதிய உணவுக்கும் நிற்காமல் இங்கே வந்திருக்கிறார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்திய முதல்வர் அவர்கள் நேற்று முழுவதும் நூலகத்தைத் திறந்து வைத்து என்னோடு உட்கார்ந்து பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். இருவருக்கும் என் நன்றி.

கத்தோலிக்கக் குருக்களின் நாட்குறிப்புகளைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம், அவற்றின் மொழிநடை எப்படிப்பட்டது, அவற்றை எப்படிக் காப்பது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். இந்த மூன்றுக்கும் அதுதான் அடிப்படை.

மதுரை மிஷன் என்ற மறைபரப்புப் பணியில் இருந்த சேசு சபைத் துறவியர் ஆண்டுதோறும் ரோமாபுரிக்கு எழுதிய கடிதங்கள் இல்லாமல் நாயக்கர் கால வரலாற்றை எழுத முடியாது. ஆனால் கடிதம் மேலிடத்தின் பார்வைக்குப் போவது. மனம் திரும்பியவர்களின் எண்ணிக்கை அதில் முன்னால் வந்து நிற்கும். அன்றன்று இரவு விளக்கடியில் எழுதிய குறிப்பில் வழியும் வானிலையும் வயிற்றுவலியும் இருக்கும். வரலாற்றுக்கு அவைதாம் வேண்டும்.

அந்தோனி மொன்செராத் என்ற குருவின் கதையைக் கேளுங்கள். ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதிக்காரர், சேசு சபையைச் சேர்ந்தவர். அக்பர் அழைத்ததன்பேரில் 1579இல் கோவாவிலிருந்து அவருடைய தலைநகரான ஃபதேபூர் சிக்ரிக்குப் புறப்பட்ட மூன்று குருக்களில் ஒருவர். வழியில் நோய்வாய்ப்பட்டு நர்வார் என்ற ஊரில் தங்கிவிட்டு, மற்றவர்களுக்குச் சில நாட்கள் பின்னால் போய்ச் சேர்ந்தார். நடப்பதையெல்லாம் எழுதி வை என்பது சபை மேலதிகாரியின் கட்டளை. அவரும் இரவுதோறும் எழுதினார். பாதுஷாவே கல் வெட்டும் தொழிலாளிகளோடு நின்று கல் உடைத்ததை எழுதினார். இளவரசன் முராதுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1581இல் காபூல் படையெடுப்பு கிளம்பியபோது ஜலாலாபாத் வரை கூடவே போனார். பத்தடிக் கோலால் பாதையை அளந்துகொண்டே படை நகர்ந்ததையும் அவர் விடவில்லை.

பிறகு 1589இல் எத்தியோப்பியாவுக்குப் புறப்பட்டவர், வழியில் அரபுக் கரையில் பிடிபட்டார். ஏமன் நாட்டின் சனா நகரில் கைதியாக இருந்தபடியே தம் குறிப்புகளை லத்தீனில் நூலாக எழுதி முடித்தார். மீட்புப் பணம் கொடுத்து அவரை விடுவிக்க ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆயின. 1600இல் கோவாவை அடுத்த சால்செட்டில் இறந்தார். அந்தக் கையெழுத்துப்படி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1906இல் கல்கத்தா புனித பவுல் பேராலய நூலகத்தில் கிடைத்தது. அது அன்று ஆங்கிலிக்கன் பேராலயம்! கத்தோலிக்கக் குரு எழுதியதைக் காத்துக் கொடுத்தது இன்னொரு சபையின் அலமாரி. 1914இல் வங்காள ஆசியக் கழகம் அதை அச்சிட்டது.

அக்பரைக் கிறிஸ்தவராக்கும் ஆசையோடு போனவர் அவர். ஆசை நிறைவேறாத வருத்தம் எழுத்தில் தெரியும். அதனால் அக்பர் காலத்து வரலாற்றாசிரியர்களான அபுல் ஃபசலையும் பதாயூனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும். ஆனால் பாதையை அளந்த கோலுக்கு என்ன வருத்தம் இருக்க முடியும்? நாட்குறிப்பில் மிகவும் நம்பத்தக்கவை இப்படிப்பட்ட சிறு செய்திகள்தாம். மொழிநடையைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். என் மனம் காப்பதைப் பற்றியே சொல்லத் துடிக்கிறது.

தென்கோடியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே பங்குத்தந்தையாக இருந்து இறந்தவரின் டைரி ஒன்றைப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. கறுப்பு மை, சாய்ந்த எழுத்து. மழை பொய்த்த ஆண்டில் வாரந்தோறும், கோயில் கிணற்றில் எத்தனை படிகள் வெளியே தெரிகின்றன என்று குறித்திருந்தார். நான்கு, ஏழு, பதினொன்று என்று அந்த எண் ஏறிக்கொண்டே போயிற்று. அந்த ஊரின் பஞ்சத்துக்கு வேறு எந்த அலுவலகத்தில் இப்படி ஒரு கணக்கு இருக்கும்? படியெடுக்க இரண்டு ஆண்டு கழித்துப் போனேன். பங்கு இல்லத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய தாள்களைக் காய்ந்த ஓலையோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். முதல் முறை போனபோதே படியெடுத்திருக்கலாம். நிழலின் அருமை எனக்கு அன்று தெரிந்தது.

திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடு வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் பிரிவு. பழைய ஏடுகளைப் பத்திரப்படுத்தவும் அதே பிரிவு சொல்கிறது. தந்தையின் மேசையில் கிடக்கும் டைரிக்கு அப்படி ஒரு காவல் இல்லை. ஆயர் அவர்களிடம் இந்த மேடையிலேயே விண்ணப்பம் வைக்கிறேன். ஒரு குரு இறந்ததும் அவருடைய எழுத்துகள் பெட்டியில் வைத்து முத்திரையிடப்பட்டு மறைமாவட்டக் காப்பகத்துக்கு வர வேண்டும். பிறர் மானம் சம்பந்தப்பட்டவை இருக்கும் என்றால் ஐம்பது ஆண்டு திறக்காமலே வையுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் சேசு சபையார் தங்கள் ஆவணங்களைக் காத்து வரவில்லையா? நம்மாலும் முடியும்.

வாசலில் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். குருவாக இருந்து மறைந்த உங்கள் பெரியப்பா, சித்தப்பா, மாமா யாராயினும், அவருடைய டிரங்குப் பெட்டி எந்த வீட்டுப் பரணில் இருக்கிறது என்று மட்டும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். வரும் ஞாயிறு முதல் நானே வீடு தேடி வருகிறேன். நன்றி, வணக்கம்.