குறுந்தொகை 40: தெரிந்த பாட்டுதான், மறுபடி படிப்போம்

[காட்சி: சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று. மழை விட்ட நேரம், ஓரக் கால்வாயில் சிவந்த தண்ணீர்.]

குரல்: "யாயும் ஞாயும் யாரா கியரோ." பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, சினிமாப் பாட்டில் கேட்டது, கல்யாணப் பத்திரிகையில் பார்த்தது. நம் அம்மாக்கள் யாரோ எவரோ, அப்பாக்கள் சொந்தமில்லை, நமக்குள்ளும் முன்பின் பழக்கமில்லை. ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைபோல நெஞ்சங்கள் கலந்துவிட்டன. ஐந்தே அடி. இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது?

[காட்சி: பாடல், அதனுடன் வரும் கூற்றுக் குறிப்பு (யார், எந்தச் சூழலில் சொன்னது என்று காட்டும் வரி) பெரிதாகிறது.]

நாம் வழக்கமாகத் தாண்டிப் போகிற இடம் இது. 'இவன் பிரிந்துவிடுவானோ' என்று தலைவி அஞ்சுகிறாள், முகம் மாறுகிறது, அதைக் கண்டு தலைவன் சொன்னதாம். இந்தக் குறிப்பு புலவர் எழுதியதல்ல, பின்னால் சேர்த்தது என்பார்கள். சரி, இருக்கட்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள்.

முதல் மூன்று அடிகள் இப்போது பெருமையாக ஒலிக்காது. அவள் மனதில் ஓடுவதை அவன் வாய்விட்டுச் சொல்கிறான். இரண்டு வீட்டுக்கும் அறிமுகமில்லை. நாளைக்கு இவன் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இருபது வயதில் அந்த அடிகளை வேகமாகக் கடந்து உவமைக்கு வந்துவிடுவோம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அங்கேதான் பகீர் என்றிருக்கும்.

இன்னொன்று: 'பிரிய மாட்டேன்' என்று அவன் சொல்லவே இல்லை. சத்தியம் கிடையாது, தெய்வத்தைச் சாட்சிக்கு அழைக்கவும் இல்லை. "கலந்தனவே." நடந்து முடிந்ததை மட்டும் சொல்கிறான்.

[காட்சி: கண்ணாடி டம்ளரில் கால்வாய்த் தண்ணீர்.]

இதில் மணல் சீக்கிரம் அடியில் தங்கிவிடும், சிவப்பு போகாது. மண்ணைச் சிவப்பாக்குவது இரும்பு ஆக்சைடு. அதைச் சுமக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கும். (படிகாரம் போட்டால் தெளியும். அதை அவனிடம் சொல்ல வேண்டாம்.) சொந்தப் பெயரே தெரியாத அந்தப் புலவர், இந்த உவமையாலேயே செம்புலப்பெயல்நீரார் ஆனார்.

அப்புறம், இவன் சாமர்த்தியமாக நழுவுகிறானா என்ற கேள்வி வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நழுவ நினைப்பவன், இருக்கிற ஐந்து அடியில் மூன்றை அவள் பயத்துக்கே கொடுத்திருக்க மாட்டான்.