போர் காணாத நாட்டின் மீது பற்று பிறப்பது எப்படி?

இம்மாலை அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்பு செறிவானதோர் உரையை வழங்கி அமர்ந்திருக்கும் வரலாற்றுப் பேராசிரியர் அவர்களே, நூலகப் பணியையே வாழ்நாள் பணியாகக் கொண்டு இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த நூலகர் அம்மையார் அவர்களே, விழாக் குழுவினரே, அறிவார்ந்த அவையோரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நீதியரசர் அவர்களின் தலைமையில் பேசுவது எனக்குக் கிடைத்த பேறு. எளிய மனிதர் ஒருவர் தமக்குரிய ஆவணத்தைக் கேட்டால் அதை அவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று பதவியில் இருந்த காலம் முழுவதும் உறுதியாக நின்றவர் அவர். துணைவேந்தர் அவர்கள் தம் உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறார்கள். அவர்கள் இறுதிவரை அமர்ந்திருக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை, ஆயினும் விரும்புகிறேன். நூலகர் அம்மையார் அவர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை ஒரு மேடையில் சொல்லித் தீர்க்க முடியாது.

பேராசிரியர் அவர்கள் தம் உரையை ஒரு பழமொழியோடு முடித்தார்கள். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்றார்கள். போரின் வெயிலில் நின்ற மக்களுக்குத்தான் நாடு என்ற நிழலின் அருமை தெரியும், பல தலைமுறைகளாகப் போரையே காணாத நாட்டில் பற்று மெல்ல மெல்ல வற்றிவிடும் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் மிகவும் பிடித்த பழமொழிதான் அது. ஆனால் அது எனக்குக் காட்டும் வழி வேறு. போர் தீண்டாத நாடுகளிலும் மக்கள் தம் நாட்டை ஆழமாக நேசிப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்று நான் நினைக்கிறேன். முடிவுகளில் அவர்களுக்குக் கிடைக்கும் பங்கு ஒன்று; தாங்கள் சேர்ந்து கட்டியெழுப்பியவற்றின் நினைவு மற்றொன்று; அரசு அலுவலகத்தின் வாயிலில் நாள்தோறும் அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை மூன்றாவது.

பேராசிரியரின் பக்கத்தில் பெரிய சான்று ஒன்று இருப்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1882ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனான் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், மகிழ்ச்சியைவிடத் துயரமே ஒரு மக்களை வலுவாக இணைக்கிறது என்றார். அதை அவர் எப்போது சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்சு போரில் தோற்று, அல்சாசையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்து பதினோர் ஆண்டுகளே ஆகியிருந்தன. புண் ஆறாத நாட்டின் குரல் அது. அதே உரையில், ஒரு தேசம் வாழ்வது நாள்தோறும் நடக்கும் வாக்கெடுப்பு ஒன்றினால் என்றும் அவர் சொன்னார். சேர்ந்து வாழ விரும்புகிறோம் என்று மக்கள் ஒவ்வொரு நாளும் தமக்குள் சொல்லிக்கொள்வதே தேசம் என்ற அந்தப் பகுதிதான் எனக்கு அவர் உரையின் உயிர்நாடியாகப் படுகிறது.

வள்ளுவப் பெருந்தகை நாட்டுக்கு இலக்கணம் சொல்லும்போது வெற்றியையோ வீரத்தையோ முன்னிறுத்தவில்லை. ‘உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும் சேரா தியல்வது நாடு’ என்றார். பசியும் நோயும் பகையும் அண்டாமல் நடந்துவருவதே நாடு என்றால், பகை அண்டாத நாட்டில் பற்று வற்றிவிடும் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அந்நாடு கண்ட கடைசிப் போர் 1847 நவம்பரில் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போர். ஒரு மாதத்திற்குள் முடிந்தது, மாண்டவர் ஏறத்தாழ நூறு பேர். வென்ற படையின் தளபதி துஃபூர், காயமுற்ற எதிரிகளைக் காக்கும்படி தம் வீரர்களுக்கு ஆணையிட்டவர். பின்னாளில் செஞ்சிலுவை இயக்கத்தைத் தொடங்கிய ஐவரில் அவரும் ஒருவரானார். அடுத்த ஆண்டே கூட்டாட்சி அரசமைப்பு எழுதப்பட்டது. நான்கு தேசிய மொழிகளும் இரண்டு பெரும் சமயப் பிரிவுகளும் கொண்ட அம்மக்களை இணைத்து நிறுத்த அதன் பிறகு ஒரு போர் தேவைப்படவில்லை. கிளாருஸ் என்ற மலை மாநிலத்தில் மே மாத முதல் ஞாயிறன்று குடிமக்கள் ஊர்ச் சதுக்கத்தில் திறந்த வெளியில் கூடுகிறார்கள். வரி விகிதம் முதல் சட்டத் திருத்தம் வரை அங்கேயே பேசி, வாக்கு அட்டையைக் கையில் உயர்த்தி முடிவு செய்கிறார்கள். எந்தக் குடிமகனும் மேடையேறிப் பேசலாம். பள்ளிக் குழந்தைகள் மேடையருகே அமர்ந்து அதைப் பார்க்கிறார்கள். 2007இல் வாக்களிக்கும் வயதைப் பதினாறாகக் குறைத்ததும் அந்தச் சதுக்கத்தில் உயர்ந்த கைகள்தாம். தாயின் கை உயர்வதைக் கண்ட குழந்தைக்கு நாட்டுப்பற்றை வேறு யாரும் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

சுவீடன் கடைசியாகப் போரிட்டது 1814ஆம் ஆண்டுக் கோடையில், நார்வேயுடன். அந்த ஆகஸ்டில் உடன்பாடு கண்ட பிறகு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அந்நாடு எந்தப் போரிலும் பங்காளியாக இறங்கவில்லை. அதற்கும் முன்பே, 1766இல், அரசின் ஆவணங்களைக் குடிமகன் கேட்டுப் பார்க்கலாம் என்று உலகில் முதன்முதலாகச் சட்டம் செய்த நாடு அது. நீதியரசர் அவர்கள் தலையசைப்பதைக் காண்கிறேன். அரசின் கடிதக் கட்டைத் திறந்து பார்க்கும் உரிமை பெற்ற ஒருவர், அந்த அரசைத் தம்முடையது என்று நினைப்பதில் வியப்பில்லை.

நடு அமெரிக்காவின் சிறு நாடான கோஸ்டா ரிக்காவின் கதையும் சொல்லத் தக்கது. 1948இல் அங்கே ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் வென்று ஆட்சிக்கு வந்த ஹோசே ஃபிகேரெஸ் அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் தலைநகரின் பெயவிஸ்தா படைமுகாமுக்குச் சென்று, சம்மட்டியால் அதன் மதிலில் ஓர் அடி அடித்து, படையைக் கலைப்பதாக அறிவித்தார். மறு ஆண்டின் அரசமைப்பு அதை உறுதி செய்தது. படைமுகாம் தேசிய அருங்காட்சியகமாயிற்று. அதன் கோபுரங்களில் குண்டு துளைத்த வடுக்களை இன்றும் காணலாம். அம்மக்கள் 1856ஆம் ஆண்டுப் போரில் உயிர்துறந்த முரசுச் சிறுவன் ஹுவான் சாந்தமரியாவை மறக்கவில்லை. ஏப்ரல் 11ஆம் நாளை அவனுக்காகவே கொண்டாடுகிறார்கள். ஆனால் விடுதலை நாளுக்கு முந்திய மாலை, செப்டம்பர் 14 அன்று ஆறு மணிக்கு, நாடே நின்று நாட்டுப்பண் பாடுகையில் தெருவெங்கும் நிறைந்திருப்பவர்கள் குழந்தைகள். தாங்களே காகிதத்தாலும் அட்டையாலும் செய்த விளக்குகளை ஏந்தி அவர்கள் நடக்கிறார்கள். அவர்கள் பாடும் பண் உழைப்பையும் அமைதியையும் வாழ்த்தி முடிகிறது.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அவைத்தலைவர் அவர்கள் அனுமதிக்க வேண்டும்.

ஐஸ்லாந்து நிலைப்படை இல்லாத தீவு. பல நூற்றாண்டுகள் டென்மார்க் அரசின் கீழ் இருந்தது. அத்தீவின் மக்கள் கன்றுத் தோலைப் பதப்படுத்தி, அதில் தம் மூதாதையரின் கதைகளையும் பாடல்களையும் சட்டங்களையும் எழுதிவைத்தார்கள். வறுமைக் காலம் வந்தபோது அந்தத் தோல் ஏடுகள் செருப்புக்குள்ளும் போயின. சட்டைக்கு அளவு வெட்டும் மாதிரியாகவும் கத்தரிக்கப்பட்டன. 1663இல் பிறந்த ஆர்னி மாக்னுசன் என்ற அறிஞர், நிலக் கணக்கெடுக்கும் அரசுப் பணிக்காகத் தீவு முழுவதும் சுற்றியபோது, வீடு வீடாக நுழைந்து அந்த ஏடுகளைக் கேட்டு வாங்கினார். முழு நூல் கிடைத்தால் நூல், கிடைக்காவிட்டால் ஒற்றை இதழ், அதுவும் இல்லையென்றால் கிழிந்த துண்டு. எல்லாவற்றையும் கோபன்ஹேகனில் சேர்த்துவைத்தார். 1728இல் அந்நகரைத் தீ விழுங்கியது. ஏடுகளில் பெரும்பகுதியைக் காப்பாற்ற முடிந்தது, ஒரு பகுதி சாம்பலாயிற்று. அந்தத் தீக்குப் பிறகு அவர் நெடுநாள் வாழவில்லை. 1730 சனவரியில் மறைந்தார்.

1944 சூன் 17ஆம் நாள் ஐஸ்லாந்து குடியரசானது. வாக்கெடுப்பின் வழியாகத்தான் அது நடந்தது. தனி நாடான பிறகு அம்மக்கள் டென்மார்க்கிடம் எதைக் கேட்டார்கள் தெரியுமா? ‘எங்கள் ஏடுகளைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. டென்மார்க் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அதை எதிர்த்து வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ந்தது. இரு நாடுகளும் ஒரு தோட்டாவைக்கூடச் செலவிடாமல் இதை முடித்துக்கொண்டன என்பதை நாம் மறக்கக் கூடாது.

1971 ஏப்ரல் 21ஆம் நாள் டென்மார்க் கடற்படைக் கப்பல் ஒன்று ரெய்க்யவிக் துறைமுகத்துக்குள் நுழைந்தது. விமானத்தில் அனுப்ப அஞ்சிக் கப்பலில் அனுப்பினார்கள். கப்பலில் இருந்தவை இரண்டே இரண்டு நூல்கள். ஒன்று பழம்பாடல்களைக் கொண்ட சிறிய ஏடு, நாற்பத்தைந்து இதழ்கள்தாம். மற்றொன்று அரசர்களின் வரலாறு அடங்கிய பெரிய ஏடு. நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் அதற்குத் தேவைப்பட்டது. இரண்டும் 17ஆம் நூற்றாண்டில் ஓர் ஆயரால் டென்மார்க் அரசருக்கு அனுப்பப்பட்டவை. அன்று கடைகள் மூடப்பட்டன, பள்ளிகளுக்கு விடுமுறை. மொத்தமே இரண்டு லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோர் துறைமுகத்தில் கூடி நின்றார்கள். தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டியது. கடற்படை வீரர்கள் பொதிந்து கட்டிய அந்த இரு நூல்களையும் கைகளில் ஏந்தி இறங்கி வந்தார்கள். படைவீரர்களை வரவேற்கக் கூடும் கூட்டத்தை நாம் அறிவோம். இந்தக் கூட்டம் புத்தகத்தை வரவேற்கக் கூடியது! திருப்பித் தர டென்மார்க் ஒப்புக்கொண்ட மற்ற ஏடுகள் ஒவ்வொரு தொகுதியாக வந்து சேர்ந்து, 1997இல்தான் அந்தப் பணி நிறைவுற்றது.

பேராசிரியர் அவர்களே, இப்போது உங்கள் பழமொழிக்கு வருகிறேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது மெய். மரத்தை நட்டவர் யார், பஞ்ச காலத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர் யார் என்று அறிந்தவருக்கு அந்த அருமை வெயில் இல்லாமலும் தெரியும். ஐஸ்லாந்து மக்கள் அதை அறிந்திருந்தார்கள், எழுதியும் வைத்திருந்தார்கள். எழுதிவைத்ததைப் பாதுகாக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதுதான் என் அச்சம். சேர்ந்து கட்டியதன் நினைவு மறைந்த நாட்டில், மக்களை ஒன்றுதிரட்ட விரும்பும் ஒருவருக்குப் பகைவன் ஒருவனைக் காட்டுவதே எளிய வழியாகிவிடுகிறது. பகைவன் இல்லாவிட்டால் அவர் ஒருவனை உண்டாக்கிக்கொள்வார். போரின் நினைவுக்கு நடுகல்லும் தூணும் தாமே அமைகின்றன. அமைதிக் காலத்தின் நினைவெல்லாம் காகிதத்தில் கிடக்கிறது, காகிதம் கறையானுக்குப் போகிறது.

ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கட்டடக் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். முதுகுத் தையல் விட்டுப்போயிருந்தது. பழுப்பேறிய பக்கத்தில் பெயர்களும் எதிரே கொடையும் இருந்தன. ஒருவர் மரம் கொடுத்திருக்கிறார். கொடுக்கப் பணமில்லாத இருவர் ஐந்து நாள் உழைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். கணவரை இழந்த ஒரு பெண்மணி தம் வீட்டுக் கதவு நிலையைப் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். அந்த மை இன்னும் மங்கவில்லை. அந்தப் புத்தகம் எடைக்குப் போடக் கட்டிவைத்த மூட்டையிலிருந்து கிடைத்தது. அந்த நிலைவழியாக நடந்து படித்த எத்தனை பேர், யாருடைய கதவு நிலை அது என்று அறியாமலே வளர்ந்திருப்பார்கள் என்று எண்ணும்போது என் நெஞ்சம் கனக்கிறது. நிழலில் நிற்கும் பிள்ளைக்கு அதன் அருமை தெரியவில்லை என்று அவனைக் கடிந்து பயனில்லை. அவனுக்குச் சொல்லும் புத்தகத்தை நாமல்லவா மூட்டை கட்டினோம்?

ஆகவே ஒவ்வோர் ஊரின் பொது நூலகத்திலும் ஆவண அறை ஒன்று அமைய வேண்டும் என்று நானும் நண்பர்களும் இயக்கம் நடத்திவருகிறோம். பெரிய கட்டடம் வேண்டாம். ஈரம் ஏறாத சுவரும், பூட்டக்கூடிய அலமாரியும், படியெடுக்கும் கருவி ஒன்றும், பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். குளம் வெட்டிய கணக்கு, பள்ளிப் பதிவேடு, தண்ணீர்ப் பங்கீட்டுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, கொள்ளைநோய்க் காலத்தில் செவிலியர் எழுதிய நாட்குறிப்பு, வேலைநிறுத்தத் துண்டறிக்கை என அனைத்தும் அங்கே இடம்பெற வேண்டும். ஆண்டவர்களின் காகிதத்தோடு ஆளப்பட்டவர்களின் காகிதமும் அங்கே இருக்க வேண்டும். ஊரின் பெருமையோடு ஊர் செய்த அநீதியும் அதில் பதிவாகட்டும். குற்றத்தை மறைத்து வளர்க்கும் பற்று முதல் கேள்வியிலேயே முறிந்துவிடும். எந்த அரசு அலுவலகமும் பட்டியலிடாமல், பொதுமக்களுக்கு அறிவிக்காமல், பழைய ஆவணங்களை அழிக்கக் கூடாது என்ற விதியும் இதோடு வர வேண்டும். கதவு யாவருக்கும் திறந்திருக்க வேண்டும், பள்ளிக் குழந்தைக்கும்.

இதற்குப் பணமில்லை என்ற மறுமொழியை நாங்கள் பல மேடைகளில் கேட்டுவிட்டோம். வெற்றித் தூண்களுக்கும் சிலைகளுக்கும் ஒதுக்கப்படும் தொகையில் ஒரு சிறு பங்கை நிலையான நிதியாக நூலகத்துக்கு ஒதுக்க எந்தக் கருவூலமும் தள்ளாடிவிடாது. நூலகர் அம்மையார் போன்றவர்கள் தம் சொந்தச் சம்பளத்தில் பூச்சிமருந்து வாங்கி ஏடுகளைக் காத்த காலம் இனியும் தொடரலாகாது.

மூன்றாவது காரணமாக நான் சொன்ன அலுவலக வாயிலின் மரியாதை தனி உரைக்குரியது. அவைத்தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், அதை இன்னொரு நாள் பேசுவேன்.

கோரிக்கை விண்ணப்பத்தின் படிகள் வாயிலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். உடன்படாதவர்கள் காரணத்தை அதே தாளின் பின்புறம் எழுதித் தாருங்கள், அதையும் சேர்த்தே அரசிடம் கொடுப்போம். வீட்டுப் பரணில் பழைய கணக்கு, கடிதம், ஒளிப்படம் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. படியெடுத்துக்கொண்டு திருப்பித் தரத் தன்னார்வலர்கள் இருவர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.