சுர்பரான் தீட்டிய புனிதர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினின் செவில் நகரில் 17ஆம் நூற்றாண்டில் உருவான புனிதர் ஓவியங்களைப் பற்றி, அவற்றிலும் பிரான்சிஸ்கோ தெ சுர்பரான் தீட்டியவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எழுத்தறியாதவரும் பார்த்தவுடன் இன்னார் என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு புனிதரையும் ஓர் அடையாளப் பொருளோடு காட்டுவது கிறிஸ்தவ ஓவிய மரபு. தோலுரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் பர்த்தலமேயுவுக்குக் கத்தி. லூசியாவுக்குத் தட்டில் இரு கண்கள். பற்களைப் பிடுங்கி வதைக்கப்பட்ட அப்பொலோனியாவுக்குக் குறடும் அதன் நுனியில் ஒரு பல்லும். கத்தோலிக்கத் திருச்சபையின் பேரவையான திரெந்து பொதுச்சங்கம் 1563இல் திருவுருவங்கள் குறித்து ஆணை பிறப்பித்த பிறகு, ஸ்பெயினில் இந்த இலக்கணம் மேலும் கண்டிப்பானது. செவில் நகரின் ஓவியர் பிரான்சிஸ்கோ பச்சேகோ, சமய விசாரணை மன்றத்தின் சார்பில் சமய ஓவியங்களை மேற்பார்வையிடும் பொறுப்பை 1618இல் ஏற்றவர், புகழ்பெற்ற ஓவியர் வெலாஸ்கெஸின் மாமனாரும்கூட. அவர் மறைந்த பின் 1649இல் வெளிவந்த அவருடைய நூல், அமலோற்பவ அன்னையை, அதாவது பிறவிப் பாவமின்றிக் கருவானவள் எனப் போற்றப்படும் மரியாவை, 12, 13 வயதுச் சிறுமியாக, வெண்ணிற அங்கியும் நீல மேலாடையும் அணிவித்துத் தீட்ட வேண்டும் என்றும், காலடிப் பிறையின் முனைகள் கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது.

இத்தனை விதிகளுக்கு நடுவே ஓவியனுக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். சுர்பரான் விதியை மீறவில்லை. விதி கேட்ட பொருளைக் கையில் எடுத்தால் கனக்கும் பொருளாகத் தீட்டினார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள புனித மார்கரீத்தாவைப் பாருங்கள். அவளுக்குரிய அடையாளமான பறவைநாகம் (டிராகன்) பின்னால் இருளில் மங்கிக் கிடக்கிறது. நம் கண்ணோ, இடையர் பெண்ணாக நிற்கும் அவள் கையில் தொங்கும் வண்ணக் கோடிட்ட கம்பளிப் பையிலேயே நின்றுவிடுகிறது. அதன் நெசவை விரலால் தடவிப் பார்க்கலாம் போலிருக்கிறது.

அடையாளப் பொருள் எப்போதும் ஒருவரையே சுட்டும் என்றும் சொல்ல முடியாது. ஏழைகளுக்கு மறைத்து எடுத்துச் சென்ற தானம் ரோஜா மலர்களாக மாறியது என்ற கதை, தொலேதோ அரசனின் மகள் காசில்தாவுக்கும் உண்டு, போர்ச்சுகல் அரசி இசபெல்லுக்கும் உண்டு. அதனால்தான் மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் மடி நிறைய ரோஜாக்களோடு நிற்கும் பட்டாடைப் பெண்ணை முன்பு காசில்தா என்றார்கள். இன்று இசபெல் என்கிறார்கள்.

என் மனத்தை விட்டு அகலாத ஓவியம், 1628இல் அவர் தீட்டிய செராப்பியோன். சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்பதற்கென்றே தோன்றிய மெர்சேதாரியர் சபையினர், மீட்புப் பணம் போதாதபோது தம்மையே பிணையாகக் கொடுப்போம் என்று கூடுதலாக ஒரு வாக்குறுதி எடுப்பவர்கள். அந்த வாக்குறுதிக்காக வதைபட்டு மாண்டவர் செராப்பியோன். செவிலில் இருந்த அச்சபை மடத்தில், இறந்த துறவிகளின் உடலை அடக்கத்துக்கு முன் கிடத்தும் அறைக்காக இந்த ஓவியம் தீட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. இன்று அது அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் இருக்கிறது.

வதையின் கொடூரத்தைக் காட்டும் காயமோ குருதியோ இதில் கண்ணில் படுவதில்லை. தலையைச் சுற்றி ஒளிவட்டமும் இல்லை. மேலே கயிற்றில் கட்டிய இரு மணிக்கட்டுகள், தோளில் சாய்ந்த தலை, பாதி திறந்த வாய். மற்றபடி ஓவியம் முழுவதும் வெண்ணிறத் துறவாடைதான். அதன் ஆழ்ந்த மடிப்புகள் கீழே இழுபடுவதைப் பார்க்கும்போதே உள்ளிருக்கும் உடலின் பாரம் தெரிந்துவிடுகிறது. சக துறவியின் உடலருகே நின்று செபித்தவர்கள் தாங்களும் அதே வெள்ளை ஆடையைத்தான் உடுத்தியிருந்தார்கள். நெஞ்சில் சிவப்பும் மஞ்சளுமான கோடுகளுடைய சபைச் சின்னம் இருக்கிறது. வலப்புறம், சுவரில் குத்திவைத்ததுபோல் ஒரு சிறு காகிதம். மடித்துப் பிரித்த தடம் மாறாத அந்தத் துண்டில்தான் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.