டேவிட் டேவிஸ்: ஓங்கி நிற்பது நீதிபதியே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனின் நெருங்கிய நண்பர் டேவிட் டேவிஸ் வழக்கறிஞர், அரசியல்வாதி, நீதிபதி என மூன்றுமாக வாழ்ந்தவர். அவரிடம் ஓங்கி நிற்பது அரசியல்வாதிதான் என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். லிங்கனைக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த 1860 சிகாகோ மாநாடு, 1877 செனட் பதவி ஆகிய இரண்டையும் சான்றாக வைத்தார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

சிகாகோவில் டேவிஸின் கைவண்ணம் பெரிது, மறுக்கவில்லை. முதல் சுற்றில் போட்டியாளர் சீவர்டுக்கு 173½ வாக்கு, லிங்கனுக்கு 102. மூன்றாம் சுற்றில் லிங்கன் 231½ வரை ஏறினார். தேவையான 233-க்கு ஒன்றரை குறைந்தபோது ஓஹையோக்காரர்கள் நான்கு வாக்கை மாற்றிக் கொடுத்தார்கள். ட்ரெமான்ட் ஹவுஸ் ஓட்டலில் உட்கார்ந்து ஒவ்வொரு மாநிலக் குழுவையும் பேசிக் கரைத்தவர் டேவிஸ்தான். ஆனால் அது சில நாள் வேலை. அதற்கு முன்பே பன்னிரண்டு ஆண்டுகள் அவர் நீதிபதி நாற்காலியில் இருந்துவிட்டார்.

அது என்ன நாற்காலி தெரியுமா? இல்லினாய் மாநிலத்தின் எட்டாவது சர்க்யூட், அதாவது நீதிபதி ஊர் ஊராகப் போய் வழக்கு கேட்கும் வட்டாரம். 1850-களின் தொடக்கத்தில் அதில் 14 கவுன்ட்டிகள், நம் மாவட்டங்கள் மாதிரி. வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. ஒவ்வொன்றும் சுமார் 400 மைல், மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. சேற்றுப் பாதையில் குதிரை வண்டி. விடுதியில் வழக்கறிஞர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே கட்டிலில் படுப்பார்கள். 300 பவுண்டு எடையுள்ள நீதிபதிக்கு மட்டும் தனிக் கட்டில். பகலில் தன் முன் வாதாடியவர்களோடு இரவில் ஒரே மேசையில் சாப்பாடு. பாரபட்சம் நுழைய இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? அந்த மேசையில் லிங்கனும் இருந்தார். அந்த லிங்கன்தான் 1862-இல் டேவிஸை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

இப்போது 1864-க்கு வாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இண்டியானாவில் லாம்ப்டின் மில்லிகன் என்ற வழக்கறிஞரை, அரசுக்கு எதிராகச் சதி செய்தார் என்று ராணுவம் வீட்டிலேயே கைது செய்தது. ராணுவ ஆணையம் விசாரித்துத் தூக்கு விதித்தது. தூக்குக்குக் குறித்த நாள் 1865 மே 19. ஆட்கொணர்வு மனு இண்டியானாபோலிஸ் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே அமர்ந்தவர்களில் டேவிஸும் ஒருவர். நீதிபதிகளின் கருத்து பிளவுபட்டதாகச் சான்றளித்து மூன்று கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள்: மனுவை ஏற்கலாமா, அவரை விடுவிக்க வேண்டுமா, அந்த ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் இருந்ததா? இதற்கிடையில் அதிபர் ஜான்சன் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

வழக்கின் நரம்பு ஒரு சின்ன விவரத்தில் இருக்கிறது. 1863 மார்ச் மாதச் சட்டப்படி, கைதியின் மீது கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு, குற்றம் சுமத்தாமலே கலைந்துவிட்டால் அவர் விடுதலை கேட்கலாம். 1865 ஜனவரியில் அங்கே கிராண்ட் ஜூரி கூடியது, மில்லிகன் மீது எதுவும் பதிவு செய்யாமலே கலைந்தது. ஆக, நீதிமன்றம் திறந்திருந்தது, ஜூரியும் வேலை செய்தது. பிறகு ராணுவத்துக்கு அங்கே என்ன வேலை? டேவிஸ் பிடித்துக்கொண்டது இதைத்தான். சாதாரண நீதிமன்றங்கள் தடையின்றி நடக்கும் இடத்தில் குடிமகனை ராணுவம் விசாரிக்க முடியாது என்று எழுதினார். மில்லிகனை விடுவிப்பதில் ஒன்பது பேரும் ஒன்றுபட்டார்கள். நாடாளுமன்றமே சட்டம் போட்டாலும் செல்லாது என்று டேவிஸ் ஒரு படி மேலே போனபோது கூட வந்தவர்கள் ஐந்தே பேர், அவரையும் சேர்த்து. 1866 டிசம்பரில் தீர்ப்புரை வெளிவந்ததும் குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள். தான் அதிபராக்கிய நண்பரின் ஆட்சி செய்த காரியத்தையே செல்லாது என்று எழுத அரசியல்வாதிக்குக் கை வருமா?

அதே டேவிஸ்தான் லிங்கனின் சொத்தை நிர்வகித்து, சுமார் 1,10,000 டாலரை மனைவிக்கும் இரு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். கூலியாக ஒரு காசு எடுக்கவில்லை. நட்பு வேறு, நீதி வேறு என்று பிரித்து வைத்திருந்த மனிதர்.

இனி 1877. அதிபர் தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் வாக்காளர்களில் 20 பேரின் வாக்குகள் தகராறில் நின்றன. ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184, இன்னும் ஒன்று கிடைத்தால் வெற்றி. தகராறைத் தீர்க்கப் பதினைந்து பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். பதினான்கு பேர் கட்சிவாரியாக ஏழுக்கு ஏழு. பதினைந்தாவது டேவிஸ் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஜனவரி 25 அன்று, ஜனநாயகக் கட்சியினரின் வாக்குகளோடு, இல்லினாய் சட்டமன்றம் அவரை செனட்டராக்கியது. அவர் ஆணையத்தில் உட்கார மறுத்தார். பதவி ஆசை என்கிறார் எதிரணித் தலைவர். அந்த விலகல் நாட்டுக்கு நட்டம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் செனட் பதவி மார்ச் மாதம்தான் தொடங்குகிறது. அதுவரை அவர் நீதிபதியே. ஒரு கட்சியின் வாக்கை வாங்கிய கையால் தராசைப் பிடிக்கக் கூடாது என்று ஒதுங்கியதாகவே நான் பார்க்கிறேன்.

நடுவர் அவர்களே, இரண்டு கட்சியும் ஒரு நாட்டின் அதிபர் பதவியையே அவர் கையில் கொடுக்கத் துணிந்தது ஏன்? அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று யாராலும் கணிக்க முடியவில்லை. அவர் இடத்துக்குக் குடியரசுக் கட்சிச் சார்புள்ள நீதிபதி பிராட்லி வந்தார். அதன்பின் தகராறான மாநிலம் ஒவ்வொன்றிலும் முடிவு 8-7, கட்சிக் கோட்டின்படியே. குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் 185, டில்டன் 184. டேவிஸ் இல்லாத ஆணையம் செய்த இந்தக் கணக்கையே எங்கள் அணியின் சாட்சியாக உங்கள் முன் வைக்கிறேன். வணக்கம்.