போர்வை கொடுத்தவனிடம் புலவர்கள் கேட்டது

(பழனி மலையில், பண்ணைக்காட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் நூலகம் திறந்த நாளன்று, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசியது. பேச்சைக் கேட்டு எழுதிய வடிவம் இது.)

பெரியவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம். மஞ்சு இறங்க ஆரம்பித்துவிட்டது. வத்தலக்குண்டுக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு என்றார்கள். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

கொடையும் கல்வியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த மலையில் நின்றுகொண்டு கொடையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். பழனிக்குப் பொதினி என்று பழைய பெயர். ஆவியர் குடியில் வந்த பேகன் ஆண்ட நாடு இது. மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்று புறநானூறு சொல்கிறது. பரணர் இன்னொரு பாட்டில் அவனை மழையோடு ஒப்பிடுகிறார். வற்றிய குளத்திலும் பெய்யும், அகன்ற வயலிலும் பெய்யும், ஒன்றும் விளையாத உவர் நிலத்திலும் பெய்யும் மழை. கொடுக்கிற இடத்தில் கணக்குப் பார்க்காத அந்தக் குணத்துக்கு அவர் வைத்த பெயர் கொடைமடம்.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

மயிலுக்கு இரங்கிய அதே பேகன், தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவர் வேறு) பிரிந்து வேறு ஒருத்தியோடு இருந்தான். அந்தம்மா வீட்டில் அழுதுகொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்டு நான்கு புலவர்கள் அவனிடம் போகிறார்கள். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். சாதாரண ஆட்கள் இல்லை, ஆனால் புலவர்கள் என்றால் பரிசிலை நம்பி வாழ்கிறவர்கள்தானே. பரணர் என்ன சொல்கிறார் தெரியுமா? எங்களுக்குப் பசி இல்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை, தேரில் ஏறி அவளிடம் போய் அவள் துயரைத் தீர், அதுதான் நாங்கள் கேட்கிற பரிசில் என்கிறார். அரிசில் கிழார் இன்னும் ஒரு படி மேலே போய், உன் நகையும் செல்வமும் எங்களுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார்.

வாங்கிப் பிழைக்கிறவர்கள் கொடுக்கிறவனைப் பார்த்து, உன் வீட்டில் நீ செய்வது தப்பு என்கிறார்கள். அவன் அவர்களைத் துரத்திவிட்டதாக எந்தப் பாட்டிலும் இல்லை. பேகனின் கொடையில் என்னை அசைத்தது அந்தப் போர்வை இல்லை, இதுதான். அவனிடம் வாங்கியவர்கள் அவன் முன்னால் நிமிர்ந்து நின்றார்கள். கல்வியிலும் சேவையிலும் நான் இந்த ஒரு அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். வாங்கியவன் நம்மைக் கேள்வி கேட்க முடிகிறதா?

இந்தப் பாட்டெல்லாம் நம் கைக்கு வந்ததற்கும் ஒரு கொடைக்கதை உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815இல் பிறந்து 1876இல் மறைந்தவர். பாடம் சொன்னதற்குப் பணம் வாங்காதவர். தனக்கே தட்டுப்பாடாக இருக்கும்போதும் மாணவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தவர். கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும், நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் படித்தவர்கள். 1871இல் அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைதான் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, அந்த இடத்துக்கு இவரைச் சொல்லிவிட்டுப் போனார். செட்டியாரும் பிள்ளையிடம் படித்தவர்தான்.

வேலை கிடைத்த கொஞ்ச நாளில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பை, அதாவது நீதிபதியைப் பார்க்கப் போகிறார் சாமிநாதையர். என்னென்ன படித்தீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய பட்டியல் போடுகிறார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். நமக்கெல்லாம் அப்படி ஒருத்தர் கேட்டால் ஒரு மாதம் தூக்கம் வராது, அந்த ஆளை வழியில் பார்த்தாலும் திரும்பிக்கொள்வோம். சாமிநாதையர் திரும்பத் திரும்ப அவரிடம் போனார். முதலியார் சிந்தாமணிப் பிரதியையும் கொடுத்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1894இல் புறநானூறு வந்தது, அதோடு நம்ம ஊர்ப் பேகனும் வந்தான். பிள்ளை கொடுத்தது சோறும் பாடமும், செட்டியார் கொடுத்தது வேலை, முதலியார் கொடுத்தது ஒரு கேள்வி. எது பெரிது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேள்விதான் என்று சில நாள் தோன்றும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பெருமையான கதை இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மலையிலேயே ஒரு சின்னப் பள்ளியில் இருந்தேன். இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் வருவான். நாலாம் வகுப்பு. மார்கழிக் குளிரில் ஒற்றைச் சட்டையோடு வருவான். எனக்கு மனசு கேட்கவில்லை. கொடைக்கானல் சந்தையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். நல்ல சிவப்பு நிறம். வாங்கியதோடு விட்டேனா? காலைப் பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்து, அவனை முன்னால் கூப்பிட்டு, கையில் கொடுத்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். எனக்கு அன்று மதியச் சாப்பாடு கூட ருசியாக இருந்தது.

மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பத்து நாள் கழித்துத் தேடிக்கொண்டு போனேன். அந்த ஸ்வெட்டர் மடிப்புக் கலையாமல் கொடியில் கிடந்தது. அவன் பாட்டிதான் இருந்தார்.

"போட மாட்டேங்கிறான் சார். எல்லாரும் பாத்தாங்களாம்," என்றார்.

நான் என்னவோ சமாதானம் சொன்னேன். அந்தம்மா உள்ளே போய் ஒரு பாட்டிலில் தேன் கொண்டுவந்து நீட்டினார். நான் சட்டென்று பாக்கெட்டில் கைவிட்டுப் பணம் எடுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க குடுத்தா நாங்க வாங்கணும், நாங்க குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்களா?"

பி.எட். படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது. பணத்தை உள்ளே வைத்துவிட்டுத் தேனை வாங்கிக்கொண்டேன். மறுநாள் பையன் பள்ளிக்கு வந்தான், ஸ்வெட்டர் இல்லாமல். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவன் எனக்கு ஆசிரியர். மலைத்தேன் எந்தப் பாறையில் கட்டும், கொம்புத்தேன் எப்படி இருக்கும், பொந்துத்தேனை எப்படிக் கண்டுபிடிப்பது, கொசுத்தேனுக்கு ஏன் அவ்வளவு மவுசு என்று எல்லாம் சொல்லித்தந்தான். நான் நோட்டில் எழுதுவேன். தப்பாகச் சொன்னால் சிரிப்பான். பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள், நான் கவனிக்கிறேனா என்று கூடப் பார்க்காமல், அந்தச் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நானும் கவனிக்காத மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போதும் சீசன் நேரத்தில் கீழேயிருந்து வேன்களில் வருகிறார்கள். நோட்டு, பை, பேனா எல்லாம் கொடுக்கிறார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடுக்கிற அந்தப் போட்டோ இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் கொடியில் கிடந்த ஸ்வெட்டர்தான் ஞாபகம் வரும்.

கொடுக்கிறவர் முகமே தெரியாத கொடையும் இந்த மலையில் உண்டு. கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருப்பீர்கள். 1899இல் தொடங்கியது. 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், வானம் தெளிந்த நாளெல்லாம். முதலில் கண்ணாடித் தட்டுகளில், அப்புறம் பிலிமில். 1909இல் எவர்ஷெட் என்பவர் அங்கேதான், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். அவர் பெயர் அந்த விளைவுக்கு நின்றுவிட்டது. நான் நினைப்பது மற்றவர்களை. மேகம் விலகக் காத்திருந்து, தட்டை மாட்டி, தேதி எழுதி, பத்திரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போனவர்களை. அந்தப் படங்களை இன்று கணினியில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டிருக்கிறார்கள். எடுத்தவர்களுக்குத் தோன்றவே தோன்றாத கேள்விகளை இன்றைய ஆராய்ச்சியாளர்கள் அவற்றிடம் கேட்கிறார்கள். நம் ஆட்கள் தேதியைத் தப்பாகப் போட்டிருந்தால் அதையும் கண்டுபிடிப்பார்கள். பிடிக்கட்டுமே.

நன்னூலில் ஆசிரியருக்கு மலையை உவமை சொல்கிறார் பவணந்தியார். 'வறப்பினும் வளந்தரும் வண்மை' என்கிறார். மழை பொய்த்த காலத்திலும் கொடுக்குமாம். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துத் தண்ணீர்தான் மருதாநதியாக அய்யம்பாளையத்துக்கு இறங்குகிறது. சோலைக்காடு பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்திருந்து, கோடையில் கசிய விடுகிறது. சோலையை வெட்டிவிட்டால் மழை பெய்த அன்றே எல்லாம் ஓடிவிடும். இருபது வருடமாக ஒரு புத்தகமும் புதிதாகப் படிக்காமல் பாடம் நடத்துகிறவரும் அந்த மொட்டை மலை மாதிரிதான். பின்வரிசை ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். நான் என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பஸ் ஹாரன் கேட்கிறது. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். இந்த நூலகத்துக்கு நானும் நாற்பது புத்தகம் கொண்டுவந்தேன். காலையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இதுல ஆறு புத்தகம் யாரும் படிக்க மாட்டாங்க, எழுத்து ரொம்பப் பொடி, நடுவுல பக்கமும் இல்ல. வேற வாங்கித் தரீங்களா?" என்றாள். தலைமை ஆசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஆறும் இப்போது என் பையில் இருக்கின்றன. என்னென்ன வேண்டும் என்று அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்துதான் படித்துப் பார்க்க வேண்டும்.