நீலிக்கு எவ்வளவு பலம் வேண்டும்?

(நாகர்கோவிலில், வீடியோ கேம் உருவாக்கப் பழகும் மாணவர்களிடையே பேசியது)

அன்புள்ள தம்பி தங்கைகளே,

சற்று முன் நீங்கள் காட்டிய விளையாட்டில் யட்சி என்னும் பெண் ஆவிக்கு 5,000 உயிர்ப்புள்ளிகள். வெட்ட வெட்ட எண் குறைகிறது. பூஜ்யத்தைத் தொட்டதும் அவள் விழுகிறாள், பொற்காசுகள் சிதறுகின்றன. உங்கள் உழைப்பை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவள் இடத்தில் ஒரு காட்டுப்பன்றியை நிறுத்தினாலும் ஆட்டம் இப்படியேதான் நடக்கும். என் வருத்தம் அதுதான்.

நம் வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடும் நீலியை நினைத்துப் பாருங்கள். தன்னைக் கொன்றவனைத் தேடி மறுபிறவியில் வருகிறாள். அவன் கையில் மந்திர வாள் இருக்கிறவரை அவளால் நெருங்க முடியாது. கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய், "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார்" என்று அழுகிறாள். பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். விடியும்போது அவன் உயிரோடு இல்லை.

எவ்வளவு பெரிய பலம், அதற்கு எவ்வளவு தெளிவான கட்டு! அந்த வாள் ஒன்றுதான் தடை. அதையும் ஊரே பறித்துக் கொடுக்கும்படி செய்துவிட்டாள். இதை எந்த எண்ணில் அடக்குவீர்கள்?

2011இல் வந்த ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் முதல் டிராகன் என்னை நடுங்க வைத்தது. இருபதாவது டிராகன் வந்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது. 2005இல் வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் என்ற விளையாட்டில் மொத்தம் 16 பேருருக்கள். வேறு எதிரிகளே கிடையாது. ஒவ்வொன்றையும் ஏறிப் பிடித்து, அதன் நலிவிடத்தைத் தேட வேண்டும். அது விழும்போது துயர இசை ஒலிக்கிறது. வென்ற பெருமை எனக்கு வரவில்லை. தவறு செய்துவிட்டதாகவே தோன்றியது.

ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தலில் இசக்கியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். நீலியின் கதைதான் நம் பக்கத்தில் இசக்கியின் கதையும். அவளை யாரும் கொன்று தீர்க்கவில்லை. இடம் கொடுத்தார்கள், கும்பிட்டார்கள். இந்த முடிவை உங்கள் விளையாட்டில் வையுங்கள். கடைசிச் சண்டையை எடுத்துவிட்டு ஒரு பீடம் கட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கொடை விழா நடக்கட்டும். ஆடுகிறவர் அதை மறந்துவிட்டால், மறுநாள் இரவு அதே ஒற்றையடிப் பாதையில், இடுப்பில் குழந்தையோடு அவள் நிற்கட்டும்.