ஸ்கார்பரோ சந்தைப் பாட்டில் அந்தப் பெண் சொன்ன பதில்

நேயர்களுக்கு வணக்கம். 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற ஆங்கில நாட்டுப்பாடலைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அமெரிக்கப் பாடகர்கள் பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் இருவரும் 1966ல் பாடிய இசைத்தட்டு வழியாகத்தான் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியும், அதைக் கேட்டுவிட்டு அமைதியான காதல் பாட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இது ஒரு ஆணும் பெண்ணும் வாய்ச்சண்டை போடும் பாட்டு!

ஸ்கார்பரோ இங்கிலாந்தின் வடகிழக்கே, யார்க்ஷயரில் இருக்கும் கடற்கரை ஊர். அங்கே சந்தை நடத்த 1253ல் மூன்றாம் ஹென்றி மன்னர் சாசனம் கொடுத்தார், ஆகஸ்ட் 15ல் தொடங்கினால் செப்டம்பர் 29 வரை ஒன்றரை மாதம் நடக்கும், கடல் கடந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். 1788ல் அது நின்றுபோனது. பாட்டின் கதையோ சந்தையோடு ஒட்டியதே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் அச்சான ஒரு கதைப்பாடலில் மாய உலகத்து வீரன் ஒருவன் ஒரு பெண்ணிடம் நடக்காத வேலைகளாகக் கேட்கிறான், அவளும் விடாமல் திருப்பிக் கேட்கிறாள். அந்தக் குடும்பத்துப் பாட்டுதான் இது. ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாடல்களில் அந்தக் கதைப்பாடல் இரண்டாவது.

நம் பாட்டில் அந்த ஆண் என்ன கேட்கிறான் தெரியுமா? ஊசி படாமல், தையலே இல்லாமல் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடு, அதைத் தண்ணீரே ஊறாத கிணற்றில் துவை, ஆதாம் பிறந்த நாளிலிருந்து ஒரு பூகூடப் பூக்காத முள்மரத்தில் காயப்போடு. அவள் சளைத்தவளா? கடல் நுரைக்கும் கடற்கரை மணலுக்கும் நடுவே எனக்கு ஒரு ஏக்கர் நிலம் பார், ஆட்டுக்கொம்பால் உழு, ஒரே ஒரு மிளகை விதை, தோலால் செய்த அரிவாளால் அறு, எல்லாம் முடிந்ததும் வந்து உன் சட்டையை வாங்கிக்கொண்டு போ என்கிறாள்.

புகழ்பெற்ற அந்த இசைத்தட்டில் இவளுடைய குரலே இல்லை. அவள் கேட்ட ஒரு ஏக்கர் நிலத்தையும் சேர்த்து, அவனே அவளிடம் கேட்பதாக மாறிவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது, ஏனென்றால் பாட்டின் உயிரே அந்தப் பதிலடியில்தான் இருக்கிறது.

சரி, மெட்டுக்கு வருவோம். இது டோரியன் என்ற பழைய ஸ்வர வரிசையில் அமைந்தது. நம் கரகரப்பிரியா ராகத்தின் அதே ஏழு ஸ்வரங்கள், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் மட்டும் கிடையாது. மூன்று மூன்றாக எண்ணும் தாளம். முதல் வரி 'ச ச ப ப ப ரி க ரி ச' என்று சட்டென பஞ்சமத்துக்கு, அதாவது 'ப'வுக்குத் தாவி, இறங்கி வந்து நிற்கும். இரண்டாவது வரியில்தான் பார்ஸ்லி, சேஜ், ரோஸ்மேரி, தைம் என்று நான்கு மூலிகைகளும் வரும்: 'ப நி ச நி ப த ம ப'. அதில் 'ரோஸ்மேரி'யின் கடைசி அசையில் விழும் அந்தத் தைவதம், அதாவது 'த', இருக்கிறதே, முழு மெட்டிலும் தைவதம் வருவது அந்த ஒரே இடத்தில்தான். அதைக் கொஞ்சம் இறக்கிச் சின்னத் தைவதமாகப் பாடிப்பாருங்கள், நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களாகிவிடும், வெறும் சோகப் பாட்டு. இருக்கிற இடத்திலேயே விட்டால் சோகத்துக்குள் ஒரு வெளிச்சம் தெரிகிறது. ஒரே ஸ்வரம் செய்யும் வேலை இது!

இந்த மெட்டு நமக்குக் கிடைத்தது மார்க் ஆண்டர்சன் என்ற ஓய்வுபெற்ற ஈயச் சுரங்கத் தொழிலாளியால். அவர் பாடியதை நாட்டுப்பாடகர் யூவன் மக்கால் குறித்துக்கொண்டு, 1960ல் பாடகி பெக்கி சீகரோடு சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் போட்டார். அதிலிருந்து ஆங்கிலேய நாட்டுப்பாடகர் மார்ட்டின் கார்த்தி எடுத்து கிதார் அமைத்துப் பாட, லண்டனில் அவரிடம் கற்றுக்கொண்டார் பால் சைமன். இசைத்தட்டில் கார்த்தி பெயரே வரவில்லை, அந்த மனக்கசப்பு பல வருடம் நீடித்தது. அப்புறம் 2000ல் லண்டன் மேடையில் இருவரும் சேர்ந்து இதே பாட்டைப் பாடினார்கள்.

அடுத்த முறை கேட்கும்போது அந்தத் தைவதத்தைக் கவனியுங்கள். அப்படியே பெண்ணின் பதிலும் இருக்கும் பழைய வடிவம் ஒன்றைத் தேடிக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.